நடிக்க முடியாத கை: குடியாத்தத்தில் ஒரு குறும்படம் எடுத்த அனுபவம்

நாங்கள் முதலில் எழுதிய திரைக்கதையில் பெரியம்மா கிடையாது, பீடியும் கிடையாது. வேலூர்க் கோட்டைதான் இருந்தது.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு, ஆறாவது செமஸ்டர். 12 நிமிடத்துக்கு மிகாமல் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். தினமும் பஸ்ஸிலிருந்து கோட்டையையும் அகழியையும் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போகிறவள் நான். வேறு எதைப் பற்றி எழுதத் தோன்றும்? 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்க் கலகம் வெடித்த நாள். அது விடிவதற்கு முந்தைய இரவு. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிப்பாய். இதுதான் கதை. 22 பக்கம் எழுதினேன். சரியான திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும் என்று முதல் வருடமே படித்திருந்தும் அந்தக் கணக்கை நான் போடவில்லை.

எங்கள் சார் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார். "எத்தனை பேருக்கு யூனிஃபார்ம் தைக்கணும்? ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட வர்றதை எப்படிக் காட்டப் போற?" கலகத்தை அடக்க வந்த ஆங்கிலேய அதிகாரிதான் கில்லெஸ்பி. அதோடு, கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். உள்ளே படப்பிடிப்பு நடத்த முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, கட்டணமும் கட்ட வேண்டும். எங்களிடம் அதற்கான நாளும் இல்லை, பணமும் இல்லை. மூன்று வாரம் அந்தத் திரைக்கதையிலேயே போயிருந்தது. அந்தக் கதை இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என்றாவது அதை எடுப்பேன்.

அந்த மாதம்தான் அம்மா போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பெரிம்மாவுக்கு ரேஷன் கடையில ரேகை விழலையாம். மூணு தடவை திரும்பி வந்துட்டாங்க."

பெரியம்மா குடியாத்தத்தில் இருக்கிறார். பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். இலை, தூள், கத்திரி, நூல் என்று நாற்பது வருடத்துக்கு மேல் உரசி உரசிக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை தேய்ந்துபோய்விட்டது. முந்தானையில் துடைத்து வைத்துப் பார்த்திருக்கிறார், எண்ணெய் தடவி வைத்துப் பார்த்திருக்கிறார். இயந்திரம் ஏற்கவில்லை. 1976-இல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் கீழ் அவருக்கு அடையாள அட்டை உண்டு. அந்த அட்டையை வைத்துக் கிடைத்த உதவித்தொகையில்தான் அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், டிகிரி முடித்தார். படிக்க வைத்த அதே வேலைதான் விரலையும் அழித்திருக்கிறது. அன்று ராத்திரி கோட்டைக் கதையை மூடி வைத்துவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினேன். ஒரு பெண் பீடி சுற்றுகிறாள், ரேஷன் கடைக்குப் போகிறாள், விரல் வைக்கிறாள், விழவில்லை, திரும்பி வந்து மறுபடியும் பீடி சுற்றுகிறாள். அவ்வளவுதான்.

கதை நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தோம். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி காட்பாடியில் இறங்குவதற்குள் பக்கத்தில் இருக்கிறவரிடம் முழுக் கதையையும் சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் அவர் "எதுக்கு அப்படிப் பண்றாங்க?" என்று கேட்டால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. கோட்டைக் கதைக்கு ஏழெட்டுக் கேள்வி வந்தது. இந்தக் கதைக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பெரியம்மாவையே நடிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கல்லூரி நாடகக் குழுவில் நன்றாக நடிக்கிற ஒரு சீனியர் அக்காவைக் கேட்டோம், உடனே ஒப்புக்கொண்டார். நான்கு நாள் குடியாத்தம் வந்து பெரியம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். முகம், நடை, அலுப்பாகத் திரும்பிப் பார்ப்பது எல்லாமே அருமையாக வந்தது. கைதான் வரவில்லை.

பீடி சுற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் நாளே இலையை நனைத்து ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். மறுநாள் தகட்டு அச்சை இலைமேல் வைத்துக் கத்திரியால் சுற்றி நறுக்க வேண்டும். நரம்பு நடுவில் வராத மாதிரி இலையைத் திருப்பிக்கொள்வதுகூடக் கண்ணால் இல்லை, விரலாலேயே நடக்கிறது. மடியில் முறம். அதில் தூளும், நறுக்கிய இலையும், நூல்கண்டும். ஒரு சிட்டிகை தூளை இலைமேல் நீளமாகப் பரப்பி, இரண்டு கட்டைவிரலும் ஒரே சமயத்தில் உருட்ட, இலை சுருண்டுகொள்ளும். முனையை நகத்தால் மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்தால் ஒரு பீடி. பெரியம்மா இதைச் செய்துகொண்டே எங்களோடு பேசுவார், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பார், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். கை மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் நடிகையின் கை ஒவ்வொரு பீடிக்கும் யோசித்தது.

சரி, முகத்துக்கு நடிகை, கைக்குப் பெரியம்மா என்று பிரித்துக்கொள்ளலாம் என முடிவெடுத்தோம். சினிமாவில் வழக்கமாகச் செய்கிற வேலைதான். இருவருக்கும் ஒரே வளையல், ஒரே புடவை, முறமும் ஒரே கோணத்தில். சோதனைக்காக எடுத்ததை அன்று சாயங்காலமே லேப்டாப்பில் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தோம். கை வேறு, முகம் வேறு என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீடி சுற்றுகிறவரின் தோள் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கிறது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது, மூச்சுகூட அந்தத் தாளத்தில்தான் வருகிறது. பெரியம்மா பின்னாலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா இது, அந்தப் பொண்ணு நல்லாத்தான் பண்ணுது. ஆனா இடுப்பு நோவாம உக்காந்துகினு கீது."

சீனியர் அக்காதான் முதலில் சொன்னார்: "உங்க பெரிம்மாவே பண்ணட்டும். நான் சவுண்டு பாத்துக்கறேன்." அவ்வளவு நாள் உழைத்துவிட்டு அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். படத்தின் ஒலி முழுவதும் அவருடைய கைவேலை.

பெரியம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நானா? சும்மா இருடி." பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார், வேலை நிற்கக் கூடாது. அந்த நிபந்தனைதான் எங்களுக்கு இயக்கம் கற்றுக்கொடுத்தது. வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. "இப்ப அக்கா வந்து ரேஷன் கார்டு எங்கேன்னு கேப்பாங்க, நீங்க சொல்லுங்க" என்று மட்டும் சொல்வோம், அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எடுப்போம். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பே ட்ரைபாடையும் கேமராவையும் கொண்டுபோய் மூலையில் நிறுத்திவிட்டு வந்தோம். அது வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது, பேரப்பிள்ளை அதில் துண்டு காயப்போட்டான். சத்தமாக "ஆக்‌ஷன்" சொல்வதையும் விட்டோம். நான் தலையசைத்தால் கேமரா ஓடத் தொடங்கும். அப்படியும் முதல் சில ஷாட்டில் அவர் கண் லென்ஸ் பக்கமே போனது. காரணம் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான் கேமரா பக்கத்தில் நின்றிருந்தேன், அவர் பார்த்தது என்னைத்தான். நான் வாசல்படிக்கு நகர்ந்தேன், கண்ணும் வாசலுக்கு நகர்ந்தது. தொழில்முறை நடிகர் அல்லாதவரை வைத்து எடுக்கிறவர்கள் எங்கே நிற்கிறோம் என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் படப்பிடிப்பு முடிந்து மனநிறைவோடு கடைசி பஸ்ஸில் வேலூர் திரும்பினேன். மறுநாள் காலை அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்க போனப்புறம் அம்மா பதினோரு மணி வரைக்கும் உக்காந்து சுத்திச்சு. ஆயிரம் ஆவல இல்ல."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். இலையும் தூளும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள், குறைந்தால் அதற்கும் பிடித்தம். "இன்னொரு தடவை", "அப்படியே நிறுத்துங்க", "லைட்டு சரியில்ல" என்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும் அவருடைய எண்ணிக்கை நின்றிருக்கிறது. அது போதாதென்று, ஈரத் துணியிலிருந்து எடுத்துக் காட்சிக்காகப் பரப்பி வைத்த இலை வெயிலில் காய்ந்து, சுற்றும்போது வெடித்திருக்கிறது. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்ஜெட் நோட்டில் ஐந்து பேருக்குச் சாப்பாடு இருந்தது, பஸ் கட்டணம் இருந்தது, லென்ஸ் வாடகை இருந்தது. பெரியம்மாவின் நேரம் எங்கேயும் இல்லை. சொந்தம்தானே என்று விட்டுவிட்டோம்.

அன்றே மாற்றினோம். கேமராவை வழுக்கி நகர்த்துகிற ஸ்லைடரை வாடகைக்கு எடுக்க நினைத்திருந்தோம், அதை விட்டோம். படப்பிடிப்பு நடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் பீடிக் கூலி அவர் கையில், காலையிலேயே. காய்ந்த இலைக்குத் தனியாக. வாங்க மாட்டேன் என்றார், அக்காதான் வாங்கி டப்பாவில் போட்டார். நேரத்தையும் ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை என்று சுருக்கினோம். சுருக்கிய பிறகு படம் இன்னும் நன்றாக வந்தது. மூன்றே மணி நேரம் என்றால் முந்தின இரவே ஒவ்வொரு ஷாட்டையும் காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்து வைத்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். உழைக்கிறவர்களை வைத்துப் படம் எடுக்கப் போகும் மாணவர்கள் பட்ஜெட்டின் முதல் வரியாக அவர்களுடைய ஒரு நாள் கூலியை எழுதிக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தில் எந்த லென்ஸ் கிடைக்கிறதோ அது போதும்.

லென்ஸ் என்றதும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்தது கல்லூரி கேமராவும் ஒரு 50 எம்.எம். லென்ஸும்தான். விரல் நுனி திரையை நிறைக்கிற அளவு பக்கத்தில் போனால் அது ஃபோகஸ் ஆகாது. மிகப் பக்கத்தில் எடுப்பதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸின் வாடகை கட்டுப்படியாகவில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று வாங்கினோம். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய்தான், விலையும் குறைவு. அதை மாட்டினால் மிகவும் பக்கத்தில் போகலாம். ஆனால் ஃபோகஸ் ஆழம் நூலிழைதான், விரல் கொஞ்சம் நகர்ந்தாலே மங்கிவிடும். அதனால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துவாரத்தை, எஃப் 8 வரை மூட வேண்டும், மூடினால் வெளிச்சம் நிறைய வேண்டும். அந்த வெளிச்சம் பெரியம்மா வீட்டில் வாசல் பக்கத்தில் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் கிடைக்கும். விரல் ஷாட் எல்லாம் அந்த நேரத்துக்கு, மற்றவை முன்னும் பின்னும். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் அட்டை. வாங்கின விளக்கு ஒன்றுகூட இல்லை.

இரவுக் காட்சிக்கு மட்டும் வீட்டு டியூப் லைட். எடுத்ததைப் பெரிய திரையில் போட்டால் படம் முழுவதும் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடுகிறது. ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/60 விநாடியில் இருந்திருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/50 வைத்தால் பட்டை போய்விடும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்கிற வொயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாமல் ஒரு எண்ணில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அறையில் ஒரு ஷாட் மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் வந்து எடிட்டிங்கில் உயிரை எடுக்கும்.

ஒலிக்கு வருகிறேன், அது நீண்ட கதை. குடியாத்தம் லுங்கிக்குப் பேர்போன ஊர், பக்கத்துத் தெருவில் தறி ஓடும். அது கதைக்குப் பொருத்தமான சத்தம்தான். ஆனால் ஒரு ஷாட்டில் இருந்து அடுத்த ஷாட்டில் இல்லையென்றால் காது உடனே கண்டுபிடித்துவிடும். சீனியர் அக்கா ஒரு விதி வைத்தார். வசனம் எடுக்கும்போது ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நிறுத்த வேண்டும். மார்ச் மாத வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாத அறையில் ஆறு பேர். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமல் இருக்க அவருடைய ஸ்கூட்டர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவார், சாவி எடுக்காமல் யாரும் கிளம்ப முடியாதே. ஒவ்வொரு இடத்திலும் முடித்த பிறகு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்வோம். வெட்டி ஒட்டுகிற இடத்தில் பள்ளம் விழாமல் நிரப்ப அதுதான் உதவியது. காலர் மைக்கை ஜாக்கெட்டில் மறைத்தபோது புடவை உரசி உரசிக் கரகரத்தது. காயத்துக்கு ஒட்டுகிற துணி டேப்பால் மைக்கை இரண்டு பக்கமும் ஒட்டிய பிறகு நின்றது.

கத்திரி சத்தத்துக்கு மட்டும் தனி ராத்திரி. தறி நின்ற பிறகு கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் பெரியம்மாவை உட்கார வைத்து, வெறும் இலை நறுக்குகிற சத்தத்தைப் பத்து நிமிடம் எடுத்தோம். கருக்கு, கருக்கு, கருக்கு. நடுவில் நூல் அறுபடுகிற சின்ன 'டிக்'. படத்துக்கு இசையே வேண்டாம் என்று அங்கேதான் முடிவானது. ரேஷன் கடைக்குப் போவதற்கு முன் அந்தக் கத்திரி வேகமாக ஓடும், வந்த பிறகு நின்று நின்று ஓடும். அவ்வளவுதான் எங்கள் பின்னணி இசை. இதனால் உரிமைத் தொல்லையும் இல்லை. பக்கத்து வீட்டு டிவியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு நல்ல ஷாட்டை அந்தப் பாட்டுக்காகவே தூக்க வேண்டியிருந்தது.

பாலாற்று மணலில் நடந்துபோகும் காட்சிக்கு வேலூரில் விருதம்பட்டு பக்கம் இடம் பார்த்து வைத்திருந்தோம். போன நாள் மகா சிவராத்திரிக்கு மறுநாள். மயானக் கொள்ளைத் திருவிழா! ஆறு முழுக்கக் கூட்டம், பம்பை, மைக் செட். வேலூரிலேயே வளர்ந்த நான் அதை மறந்தேன் என்று சொல்லவே மனசு வரவில்லை. ஷெட்யூல் எழுதும்போது பக்கத்தில் தினசரி காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா மட்டுமில்லை, முகூர்த்த நாள் என்றாலும் எங்காவது ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். கடைசியில் அந்த நடையைக் குடியாத்தத்திலேயே கௌண்டன்ய ஆற்றுப் பக்கம் எடுத்துக்கொண்டோம்.

ரேஷன் கடையையும் நாங்கள் காட்டவில்லை. உண்மையான கடையில் எடுக்க அனுமதி கேட்டு அலைய நாள் இல்லை. நண்பன் வீட்டுப் பழைய மளிகைக் கடை ஜன்னலை வெளியிலிருந்து மட்டும் எடுத்தோம். பெரியம்மாவின் முகம், ஜன்னல் கம்பி, உள்ளேயிருந்து ஒரு குரல்: "இன்னொரு விரல் வைங்கம்மா." பார்க்கிறவர்கள் உள்ளே இருக்கும் கடையைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு பெரிய இழப்பும் நடந்தது. மூன்றாம் நாள் எடுத்த 40 நிமிடம் போய்விட்டது. 4கே-யில் நிமிடத்துக்கு முக்கால் ஜிபி பிடிக்கும், 64 ஜிபி கார்டு சீக்கிரம் நிறைந்துவிடும். அவசரத்தில் காப்பி எடுக்காத கார்டை ஃபார்மட் செய்துவிட்டோம். மாற்றி எடுத்த ஷாட் எதுவும் அந்த 40 நிமிடத்துக்கு ஈடாகவில்லை. அதற்குப் பிறகு நிறைந்த கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போய், ஒருவர் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஸ்டிக்கரைப் பிரிக்க வேண்டும். பிரிக்கிற உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

எடிட்டிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் வெட்டு 19 நிமிடம். விரல் ஷாட் ஒவ்வொன்றும் அழகு, ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. ஆம்பூர் நண்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு, எங்கே சலிக்கிறது என்று கை தூக்கினான். அங்கெல்லாம் வெட்டினோம். 9 நிமிடம் 40 விநாடியில் நின்றது.

கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் பெரியம்மா வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் போட்டுக் காட்டினோம். அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டேதான் பார்த்தார். சார் பார்த்திருந்தார், நாங்கள் ஐந்து பேரும் நூறு தடவை பார்த்திருந்தோம், யார் கண்ணிலும் படாத ஒன்றை அவர் ஒரே தடவையில் பிடித்தார். "ஏம்மா, செவப்பு நூலுல கட்டினு இருந்தேன், அப்புறம் பச்சை நூலு வருதே. ஒரே கட்டுக்கு ரெண்டு நூலா? பீடி சுத்தறவங்க பாத்தா சிரிக்க மாட்டாங்க?"

கன்டினியூட்டிக்காக, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் இருக்க, நாங்கள் வளையலைப் பார்த்தோம், புடவை மடிப்பைப் பார்த்தோம், கடிகார முள்ளைக்கூடப் பார்த்தோம். நூலை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பச்சை நூல் ஷாட் படத்தின் முடிவில் வருகிறது, வெட்டிவிடவும் முடியாது.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். ஒலிக்கு ஒருவர், கேமராவுக்கு ஒருவர், நான். அந்த ஷாட்டில் வெளிச்சம் பத்தரை மணி வெளிச்சம், அதுவரை காத்திருந்தோம். பெரியம்மா அதே புடவையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார், சிவப்பு நூல்கண்டைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி முறத்தில் போட்டிருந்தார். நான் வாசல்படிக்குப் போய் நின்று தலையசைத்தேன். அவர் இலையை எடுத்து, உருட்டி, மடித்து, நூலைச் சுற்றி அறுத்தார். ஒரே டேக். படத்தில் கடைசியாக இருப்பது அந்த ஷாட்தான்.